மாப்பிள்ளையின் முதல் மனைவி

பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் இருக்கும். முத்தியால்பேட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்கு முப்பது வயதிருக்கும்.

"எங்க போயிட்டு வர்றீங்க?" என்று பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டார்.

"மாப்பிள்ளையோட பொண்டாட்டியப் பாத்துட்டு வர்றோம்" என்றாள் அக்கா.

அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா சிரித்தாள். "பயப்படாதீங்க, அது செத்து மூணு வருஷமாவுது. இவளப் பொண்ணு பாக்க மாதா கோயிலுக்கு வரச் சொன்னாரு. பூசை முடிஞ்சதும் நேரா பின்னாடி கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"இவ மூஞ்சியப் பாத்தாரா?" என்றார் அம்மாள்.

"எங்க பாத்தாரு? சிலுவையில இருந்த தூசியத் தொடைக்கவே நேரம் சரியாப் போச்சு."

தங்கை அப்போதுதான் வாய் திறந்தாள். "கேலி பண்ணாதக்கா. 'இவங்களக் கட்டிக்கட்டுமா?'ன்னு அந்தம்மாகிட்ட கேட்டாரு. குரலே நடுங்கிப் போச்சு."

"அந்தம்மா என்னாடி சொல்லுச்சு?"

"அது தெரியல. நான் சரின்னுட்டேன்."

"எப்படி? எப்ப சொன்ன?"

"நீ அந்தாண்ட வெள்ளக்காரன் கல்லறையில பேர எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு இருந்தியே, அப்ப."