எட்டுக் கதவுக்கும் ஒரே கட்டளை

கோப்பி ஆறப்போகுது, றோஸ்மேரி பிள்ளை, முதல் குடியுங்கோ. நான் ஆறுதலாகத்தான் சொல்லுவேன். இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு இத்தாலியனில் மாற்றிச் சொல்ல உங்களுக்கும் வசதி.

பலெர்மோத் துறைமுகத்து மீன் குளிர்க்களஞ்சியத்தில் எனக்குக் கம்பியூட்டர் வேலை. எட்டுக் குளிரறை, அறைக்கு ஒரு சேர்வர். கதவுப் பூட்டும் குளிரும் அதன் கையில். முந்தி ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாகப் போய், அதே கட்டளையை எட்டுத்தரம் அடிக்கவேண்டும். விரல் நோகும். தொண்ணூற்றாறில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். நான் ஒருதரம் சொன்னால், அது எட்டுச் சேர்வருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வரும். முதலாளி மெச்சினார்.

என் தங்கை அமலினியின் புருஷன் பீலிக்ஸ் அங்கேதான் பெட்டி அடுக்கினான். ஈஸ்டருக்கு முதல் கிழமை அவளுடைய கையை முறித்தான். "படியிலை விழுந்திட்டன் அக்கா" என்றாள். பலெர்மோவில் சீசா என்கிற பகுதியில் அவர்கள் இருக்கிற வீட்டுக்குப் படியே இல்லை.

"இனி அவளிலை கை வைச்சுப் பார்" என்றேன்.

"ஏன் மச்சாள், கம்பியூட்டராலை சுடுவியளோ?" என்று சிரித்தான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட வெளியே போனால், திரும்பி வர மூன்று மணித்தியாலம் செல்லும். அவன் மட்டும் ஏதாவது ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாராயம் குடிப்பான். எந்த அறை என்று தெரியாது. தேடிப்போனால் கண்டுவிடுவான். ஸ்கிரிப்டுக்குத் தேடத் தேவையில்லை. எட்டுக் கதவிலும் உள்ளிருந்து திறக்கிற பிடியின் ஆணியை அன்று காலையிலேயே கழற்றியிருந்தேன்.

ஒரு வரி அடித்தேன். பூட்டு. குளிரைக் கடைசி மட்டுக்கு இறக்கு. காற்றாடியை முழு வேகத்தில் விடு. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டுகிற சத்தம் என் மேசைவரை கேட்டது.

மூன்றாம் அறையின் ஆபத்து மணி அடித்தது. அறைக்குள்ளிருந்து பேசினால் கேட்கிற என் மேசை ஸ்பீக்கரில் அவனுடைய குரல். முதலில் தூஷணம், பிறகு கெஞ்சல், பிறகு கதவில் தலையால் இடிக்கிற சத்தம். நகங்கள் கதவில் ஒட்டியிருந்ததாகச் சொன்னீர்கள். இருக்கும்.

அதற்குப் பிறகுதான் மற்றக் குரல்.

"அக்கா, நானும் உள்ளை நிக்கிறன். இவருக்குச் சாப்பாடு கொண்டு வந்தனான். திறவுங்கோ அக்கா, குளிருது."

முறிந்த கையோடு புட்டு அவித்துக் கொண்டுவந்திருக்கிறாள், பாருங்கோ.

திறக்கிறதுக்கும் ஒரு வரிதான். திறந்தால் அவனும் வெளியே வருவான். அவளும் அவனோடுதான் சீசாவுக்குத் திரும்பிப் போவாள். நான் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்கிற மட்டும் இருந்தேன்.

அழாதையுங்கோ பிள்ளை. இதை மட்டும் பிழைவிடாமல் அவருக்குச் சொல்லுங்கோ: இனி ஒருத்தனும் என் அமலினியில் கை வைக்க ஏலாது.