செத்தவர் வாயில் அரிசி

நடுச்சாமம். பனி கொட்டும் சோங்சன் கணவாய்ப் பாதை. அதில் ஒற்றை ஆளாக வருகிறான் பியோங்சு... நம்மோடு சுரங்கத்தில் வேலை பார்க்கிற யோங்பேயின் தாய்மாமன். ஊரையே அதட்டி வைத்திருந்த மனுஷன், தூங்கப் பயந்து மூக்கை ஒழுகவிட்டபடி தங்கை வீட்டுக்கு ஓடுகிறான். பார்க்கவே கேவலம்.

அப்பனைப் புதைத்ததிலிருந்து இப்படித்தான். கண் அசந்தால் போதும்... க்ளக். தொண்டை அடைத்துக்கொள்ளும். மூச்சு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. முகம் நீலம் பாரித்து, பாயைப் பிறாண்டி எழுந்து உட்காருவான். வாயெல்லாம் ஊறிய அரிசி வாசனை...

அந்த வாசனை அவனுக்குத் தெரியும். செத்தவர் வாயில் மகன் மூன்று கரண்டி ஊறிய அரிசி போட வேண்டும், போகிற வழிக்கு. அதற்கு முன் ஓர் இரவு காத்திருப்பார்கள். மூச்சு திரும்பினாலும் திரும்பலாம் இல்லையா? இந்தக் கஞ்சப் பிசினாரி காத்திருக்கவில்லை. துக்கத்துக்கு வருகிறவனுக்கெல்லாம் எவன் சோறு போடுவது என்று, அப்பன் கண் மூடிய கையோடு மரக்கரண்டியை எடுத்துவிட்டான்.

"நூறு மூட்டை..." என்று சடங்குக்குச் சொல்லி முதல் கரண்டி. "ஆயிரம் மூட்டை..." இரண்டாவது. அப்போதுதான் கிழவர் தொண்டைக்குள் அந்தச் சத்தம்.

"வயித்துக் காத்துடி" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மூன்றாவதையும் திணித்துத் தாடையை அழுத்தி மூடினான்.

அந்தத் தங்கைதான் மல்சுன், யோங்பேயின் அம்மா. கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து கிம்ச்சி ஊறுகாயின் புளிப்பு வாசம்.

"மல்சுன், நீ பக்கத்துலதானே இருந்த? அது காத்துதான்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் தூங்கணும்டி."

ஏற இறங்கப் பார்த்தாள். "காத்தா? த்தூ! தண்ணின்னு கேட்டாருண்ணே."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவள் பாயை உதறிப் போட்டாள். வருஷக்கணக்கில் கிழவருக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள். அள்ளிச் சலித்தவள்.

அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்கிய தரையில் பியோங்சு சுருண்டான். குறட்டை விட்டே தூங்கினான், வெட்கம் கெட்டவன். மல்சுன் விளக்கை அணைத்துப் படுத்தாள்.

கொஞ்ச நேரம்... கூரையிலிருந்து பனி சரியும் சத்தம் மட்டும். பிறகு, பக்கத்து அறையில் படுத்திருந்த யோங்பேயின் காதில் விழுந்தது...

க்ளக்.

மாமன் குறட்டை நிற்கவில்லை. சத்தம் வந்தது அம்மாவின் தொண்டையிலிருந்து.