பாலம், எட்டு இருபது

பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்துவது பார்க்கத்தான் எளிது. முதல் மூன்றும் கடைசி ஒன்றும் தாமாக உட்கார்ந்துவிடும். நடுவில் இருக்கும் ஆறும்தான் உயிரை வாங்கும்.

தொண்ணூற்றேழில், வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், நான் பதுளையில் ஜௌபர் நானாவின் கசெட் கடையில் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு மடுல்சீமையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். கடையில் பழக்கமான கூட்டாளி சுபாஸ். அவன் அம்மா கமலாம்பிகை டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்தவர். கனடாவிலிருக்கும் மாமா அனுப்பிய கசெட்டுகளோடு சுபாஸ் கடைக்கு வருவான். எல்லாம் ஒரே பேண்டின் பாட்டுகள். மெட்டல்தான், ஆனால் கத்தல் இல்லை. ஒரே பாட்டுக்குள் தாளம் ஏழு தடவை மாறும். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்காக அவனுக்கு இன்றைக்கும் நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஆங்கிலத் தலைப்புகள் என் வாயில் நுழையவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்தோம். மணியடித்துத் தொடங்குவது மணிக்கூண்டு. போகப் போக வேகமெடுப்பது ரயில். இரண்டு பாதியையும் ட்ரம்ஸ் மட்டும் இணைக்கிற பாட்டு பாலம். பக்கத்தில் நிமிடக் கணக்கையும் எழுதுவோம், கசெட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை பாட்டு கொள்ளும் என்று பார்க்க வேண்டுமே. ரயில் 6.45. பாலம் 8.20. மணிக்கூண்டு 11.10.

மூன்று மாதம் யோசித்து என் வரிசையை எழுதினேன். பாலம்தான் முதலாவது. ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சுபாஸ் அதை உரக்க வாசித்தான். அவனுடைய வரிசையில் பாலம் பத்தாவது.

"உன்ர காது லயத்துத் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்த காது மச்சான். உனக்கு மேளம் அடிச்சாக் காணும்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா தப்பு அடித்தவர். தோட்டத்துச் சாவு ஒவ்வொன்றுக்கும் அடித்தவர். நானும் சேர்ந்து சிரித்தேன். வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கவேயில்லை. அவனை மண்ணோடு மண்ணாக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் பொலிசுக்கு ஒரு பெட்டிசம் எழுதினேன். எங்கள் பக்கத்தில் ஆத்திரம் வந்தால் கைநீட்டுபவர்கள் குறைவு, பெயர் போடாமல் பெட்டிசம் எழுதுபவர்களே அதிகம். டவுனில் பழகியதில் எனக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும். யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் சட்டைப்பையில் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறான் என்று எழுதி, அவனுடைய பட்டியலை அப்படியே கீழே போட்டேன். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அவை பாட்டுகள் என்பதையும், பக்கத்தில் இருப்பது மணி நேரமல்ல, பாட்டின் நீளம் என்பதையும் மட்டும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் யூனிபோர்ம் போட்ட நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். ஜௌபர் நானா ஜும்மாவுக்குப் போயிருந்தார். கடையில் நானும் சுபாஸும்தான். அவர்கள் சுபாஸின் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, எந்தப் பாலம், எந்த ரயில் என்று கேட்டார்கள். அவன் தனக்குத் தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லில் திக்கினான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லு மச்சான். இது பாட்டெண்டு சொல்லு. உனக்குச் சிங்களம் வடிவாத் தெரியுமே."

சுருண்டுபோன ஒரு கசெட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலையைப் பாதியில் விட முடியாது. எனக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் தெரியாது என்று அவர்களிடம் மரியாதையாகச் சிங்களத்தில் சொன்னேன். அவனைக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

டீச்சருக்குச் சிங்களம் எழுத வராது. "தம்பி, இன்னொருக்கா எழுதித் தாறீரே?" என்று என்னிடம்தான் வருவார்.

"ஆமாங்க டீச்சர், உக்காருங்க" என்பேன். அமைச்சுக்கு, ஆணைக்குழுவுக்கு, சிறைகளுக்கு என்று ஒன்பது வருடமாக எழுதுகிறேன். மகனே எழுதியிருந்தாலும் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்க மாட்டான்.

போன மாதம் அவர் ஒரு கசெட் கொண்டுவந்தார். மகனின் மேசை லாச்சியை இழுத்தபோது அடியில் கிடந்ததாம். உறையில் அவன் கையெழுத்தில் 'கஜேந்திரனுக்கு' என்று என் பெயர் இருந்தது. பக்கத்தில், அவனைக் கூட்டிப்போனதற்கு முதல் நாள், அந்த வியாழக்கிழமையின் திகதி. கீழே புதிதாக எழுதிய வரிசை. முதலாவது பாலம்.

"உமக்குத் தரத்தான் வச்சிருந்திருக்கிறான், தம்பி" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெட்டிசம் எழுதியது நான்தான். அவன் திரும்பி வராததற்கும் நான்தான் காரணம். இதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. அந்தக் கசெட்டை இரண்டு தடவை முழுதாகக் கேட்டேன். மணிக்கூண்டை நான்காவதாக வைத்திருந்தான். அது இரண்டாவதாக வர வேண்டிய பாட்டு. கடைசிவரை அவனுக்குச் சரியாக வரிசைப்படுத்தத் தெரியவில்லை.