வாளியில் கொண்டுபோன கங்கு

நல்ல தீக்கு இரண்டே பொருள் போதும்: விறகுபோல் எரியும் காய்ந்த சதுப்புமண் கட்டியும் அவசரப்படாத கையும். பலருக்கு இரண்டாவது வாய்ப்பதில்லை.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது, சார்ஜென்ட். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நோரீனின் மதுக்கடையில் கீழே இசை, மேலே தங்குவதற்கு மூன்று அறைகள். கீழே இருக்கும் கணப்பு நூற்றறுபது வருஷமாக அணைந்ததில்லை. கடை மூடும்போது கங்கைச் சாம்பலால் மூடிவைப்போம், காலையில் ஊதி எழுப்புவோம். நோரீனின் கணவர் போனபிறகு பதினோரு வருஷமாக அது என் வேலை. கூலி கிடையாது, கேட்டதும் இல்லை.

பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நின்றவள் நான். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணப்போரத்து முக்காலியில் ஒரு கோப்பை கறுப்பு பீரோடு உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. பிடில்காரர்கள் வில்லைத் தூக்கும் முன் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் தீயில் ஒரு கட்டி வைத்ததும் ஆரம்பிப்பார்கள். யாரும் வகுத்த விதியில்லை. அப்படியே பழகிவிட்டது.

ஏப்ரலில் டப்ளினிலிருந்து ஃபெர்கல் டூஹி வந்தார். நோரீனுக்கு முழங்கால் ஓய்ந்துவிட்டது, கடையை அவருக்கு விற்பதாக இருந்தாள். அவர் நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் இசை முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எதையும் மாத்தப்போறதில்லைம்மா. பாட்டு இருக்கும், ரூம் இருக்கும், உங்க முக்காலியும் இங்கேயே இருக்கும். இந்தக் கணப்பு மட்டும்தான். இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டேங்கிறான். கேஸ்ல எரியறது ஒண்ணு வைக்கிறேன், பார்த்தா நெஜத் தீ மாதிரியே இருக்கும்.”

புல்லாங்குழல் வாசிக்கும் பாட்ஸி விடவில்லை. “அப்ப டிம்ப்னா என்ன பண்ணுவா? சுவிட்சு போடுவாளா?”

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு நோரீன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதடி. ஒரு வாளி கங்கு அள்ளிட்டுப் போ. வீடு மாறுறப்ப நம்ம ஆளுங்க அப்படித்தானே கொண்டுபோவாங்க? தீ எங்க எரிஞ்சா என்ன?”

“என் வீட்டுல பாட்டு இல்லையே, நோரீன்.”

“அப்ப நீயே பாடு.”

வசந்தத்தில் காக்கைகள் புகைக்கூண்டில் கூடு கட்டும். அந்தக் குச்சிகளை இழுத்துப்போடுவதும் என் பொறுப்புதான். இந்த வருஷம் இழுத்துப்போடவில்லை. முடிந்ததா என்று நோரீன் கேட்டாள், முடிந்தது என்றேன். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

கீழ்க் கணப்புக்கு நேர்மேலே உள்ள அறையில் இன்னொரு பழைய கணப்பு உண்டு. இரண்டுக்கும் ஒரே புகைக்கூண்டு. வெகுகாலத்துக்கு முன் ஒரு மாட்டு வியாபாரி அந்த அறையில் தூங்கி, கீழ்த் தீயிலிருந்து ஏறிய நச்சுக்காற்றில் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அதன் வாயைப் பலகையால் அடைத்துவிட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். டப்ளின்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

திங்கள் மதியம் நோரீன் முழங்காலைக் காட்டப் போயிருந்தாள். பலகையின் எட்டு ஆணிகளையும் கழற்றி, அதைக் கட்டிலுக்கடியில் வைத்தேன். திறந்த இடத்தை மறைத்துப் பூத்தையல் திரை ஒன்றை நிறுத்தினேன். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்தேன், கடற்காற்று பொல்லாதது. தான் இருந்த அறை குளிர்கிறது என்று டூஹி சொல்லியிருந்தார். நோரீன் திரும்பியதும், “அவருக்கு அந்த வெதுவெதுப்பான ரூமைக் குடு” என்றேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள். என் மனம் இளகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அவருக்குத் தலைவலி வரும், வேறு கடை பார்த்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். வழக்கத்தைவிட மூன்று கட்டி கூட வைத்து மூடியது, அன்று குளிர் அதிகம் என்பதால்.

செவ்வாய் காலை எட்டு மணிக்குப் போனேன். நோரீன் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே குறட்டை கேட்டது. சீராக இல்லை, விட்டுவிட்டு வந்தது. விஷயம் தெரிந்தால் ஆட்கள் வருவார்கள், முதல் வேலையாகக் கணப்பில் தண்ணீரை ஊற்றுவார்கள். அதனால் வாளியில் கங்கை அள்ளி, மேலே சாம்பல் தூவி, என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். போக வர நாற்பது நிமிடம். வேகமாக நடந்தால் சாம்பல் பறந்து கங்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். மெதுவாகத்தான் நடந்தேன்.

திரும்பி வந்தபோது குறட்டை நின்றிருந்தது. அதன்பிறகு நோரீனை எழுப்பினேன்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை. கடையைத் திறக்கவும் இல்லை. களைப்பாக இருக்கும். நான்கு மணிக்கு உங்கள் ஆள் ஒருவர் என் வீட்டுக்குப் போய் இரண்டு கட்டி வைக்கட்டும், இரண்டுக்கு மேல் வேண்டாம். நோரீனைப் பார்த்தால் தீ பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவள் ஒரு வாளியோடு வந்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.