தோலின் ஞாபகம்

தண்ணீர் வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். அந்த டம்ளரின் விளிம்பில் யாருடைய உதட்டுச் சாயமோ ஒட்டியிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

நான் கண் மருத்துவன். நோயாளியின் தோல் செல்லை எடுத்து, விழித்திரைச் செல்லாக மாற்றி, ஊசியால் கண்ணுக்குள் வைப்பது என் ஆராய்ச்சி. தோலுக்கும் கண்ணுக்கும் மரபணு ஒன்றுதான். எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்பதை அதன்மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள் தீர்மானிக்கின்றன. தோலின் குறிகளை அழித்துவிட்டுக் கண்ணின் குறிகளைப் பதிய வைக்க வேண்டும். பழையது மிஞ்சினால், செல் கண்ணுக்குள் போயும் தோலாகவே பிழைப்பு நடத்தும்.

என் தங்கைக்கு வலது கண் மங்கிக்கொண்டே வந்தது. அவள் காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்தேன். செல்களை மாற்றிச் சோதித்தபோது நூற்றுக்கு நாலு பழைய குறிகள் மிச்சம் என்று வந்தது. திரும்ப ஆரம்பித்தால் ஐந்து மாதம் ஆகும். நாலுதானே என்று போட்டுவிட்டேன். அது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆறாவது வாரம் பார்த்தேன். கண்ணுக்குள் மெழுகு மாதிரி மஞ்சள் கொழுப்பு, அதில் சுருண்டு நாலைந்து முடி. வெட்டி எடுத்தபோது துவைக்காத தலையணை உறையின் வாடை வந்தது. அவள் அழுதாள். அந்தக் கண்ணிலிருந்து வழிந்ததைப் பார்க்க இன்னும் அருவருப்பாக இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

துறைத் தலைவி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நாலு குறிக்கெல்லாம் முடி முளைக்காது டாக்டர். இமையைச் சரியா துடைக்காம, தோலை ஊசியோட உள்ள தள்ளியிருக்கீங்க. கை சுத்தமில்ல."

கை சுத்தமில்லையாம். இருபத்திரண்டு வருடமாக முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்துபோன கை இது.

அதே செல்கள் உறைபெட்டியில் மீதம் இருந்தன. தங்கையைக் கூப்பிட்டேன்.

"இடது கண்ணு நல்லாத்தானே தெரியுதுண்ணா?"

"தெரியுறப்பவே போட்டாத்தாம்மா காப்பாத்த முடியும்."

"நீ சொன்னா சரிண்ணா."

இந்த முறை இமையை மூன்று தடவை துடைத்தேன். வீடியோவும் எடுத்து வைத்தேன். ஆறாவது வாரம் அதே மெழுகு, அதே முடி. வீடியோவைத் தலைவிக்குப் போட்டுக் காட்டினேன். தப்பு குறிகளில்தான், என் கையில் இல்லை.

நல்ல கண்ணில் ஏன் போட்டாய் என்கிறீர்கள். கெட்ட கண்ணில் திரும்பப் போட்டால் நோயின்மேல் பழியைப் போட்டுவிடுவார்களே, சார். இனி இந்தக் கையை யாரும் குறை சொல்ல முடியாது. நேற்றுவரை என் தங்கைகூட இதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அவள் விட்டதும் நான் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வேன்.