கவர்னர் மீன் பிடிக்கக் கூப்பிட்டார்

குளிருதா சார்? கண்ணாடியை ஏத்திராதீங்க. ஏரி ஐஸ் மேல வண்டி ஏறிட்டா இங்க யாரும் கண்ணாடியை மூட மாட்டோம். நீங்க அரிஸோனாக்காரரு, உங்களுக்குப் புதுசா இருக்கும். அதோ, புகை வருது பாருங்க, செவப்புக் கொட்டகை. அதுலதான் கவர்னரு ஒக்காந்திருக்காரு, ஐஸ்ல ஓட்டை போட்டு தூண்டிலை விட்டுக்கிட்டு.

நானா? அவரு கவர்னர் ஆகறதுக்கு ரொம்ப முன்னாடிலேருந்தே நான்தான் டிரைவர். அப்போ வெறும் ஹால்வர் நைஸ்ட்ரம். அவங்க அப்பா கொட்டாயில தூண்டில் முள்ளுக்கு முலாம் பூசிக்கிட்டிருந்தாரு. அப்புறம் கார் பம்பர். அப்புறம் ஊருல பாதிப்பேருக்கு அவரு ஃபேக்டரியிலதான் பொழப்பு. கம்பெனியை நடத்தினவனுக்கு மாநிலத்தை நடத்தத் தெரியாதான்னு கேட்டாரு, ஜனங்க ஓட்டை அள்ளிக் கொட்டிட்டாங்க. இப்போ செனட்டுக்கு நிக்கப் போறாரு.

தங்கமான மனுஷன் சார். சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. ஒருத்தர் மேல கோவம்னாக்கூட ஆபீஸ்ல அதை மூஞ்சியில காட்ட மாட்டாரு. தோள்ல கையப் போட்டு, வாய்யா, மீன் பிடிக்கப் போலாம்பாரு. உங்களைக் கூப்பிட்ட மாதிரிதான்.

தெரியும் சார். ஃபேக்டரியைச் சுத்தி இருக்கற கெணத்துத் தண்ணியெல்லாம் சோதிச்சுப் பாத்துட்டு, விஷம்னு திங்கக்கெழம சட்டசபையில சொல்லப் போறீங்களாமே. உங்க வேலை அது, நான் என்ன சொல்ல? எங்க அக்கா வீடும் அங்கதான் இருந்துச்சு. அவ போய்ச் சேந்துட்டா. சாவுச் செலவு மொத்தமும் கவர்னரு பாத்தாரு.

நேரா போகாம ஏன் இப்படின்னா... அங்க வெடிப்பு விட்டிருக்கு. கொஞ்சம் சுத்துதான்.

எல்மர்னு ஒரு பார்ட்னர் இருந்தாரு அவருக்கு. கழிவுத் தண்ணியைப் பத்தி ஊரைக் கூட்டிச் சொல்லிருவேன்னு குதிச்சாரு. இவரு மொத தடவை தேர்தல்ல நிக்கற நேரம். இதே மாதிரி மார்ச் மாசம். மேலாகப் பாத்தா ஐஸ் கல்லாட்டம் இருக்கும் சார், ஆறு வந்து கலக்கற எடத்துல மட்டும் அடியில அரிச்சிருக்கும். வண்டியோட உள்ள போய்ட்டாரு. வெளிய எடுத்தப்போ பெல்ட்டு போட்டபடியே இருந்தாரு. அதான் ஊருக்கே புரியல. ஐஸ் மேல ஏறினா கண்ணாடியை எறக்கணும், பெல்ட்டைக் கழட்டணும், முங்கினா வெளிய தாவணும்ல, இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். எல்மரு இந்த ஏரிக்கரையிலயே பொறந்தவரு. சாவு வீட்டுல இவரு விக்கி விக்கி அழுதாரு. நெசமான அழுகை சார், நான் பக்கத்துலதான் நின்னேன்.

என்னோட பெல்ட்டா? நான் கரையிலயே கழட்டிட்டேனே. உங்களது வரலையா? அந்தப் பக்கத்து பெல்ட்டு மொரண்டு பிடிக்கும். இழுக்காதீங்க, இன்னும் இறுகும். அந்த வண்டியிலயும் இப்படித்தான்.

ஆறு கலக்கற எடம் வந்துருச்சு. ஹீட்டர் ஓடட்டும், உங்களுக்குக் குளிராது. நான் எறங்கி, முன்னாடி ஐஸ் எப்படி இருக்குன்னு தட்டிப் பாத்துட்டு வரேன். அன்னைக்கும் நான்தான் எறங்கிப் பாத்தேன்.