வித்வான் பாடுகிற நேரம்

— கையைக் கழுவிட்டுத்தானே தொட்டியைத் திறந்தீங்க?

— கழுவினேன் மேடம்.

— சோப்பு போட்டா?

— சோப்பு இல்லாம, வெறும் தண்ணியில, அலசி அலசிக் கழுவினேன். என் சலூனுக்கு வர்ற மனுஷங்க தலைமேலகூட நான் இவ்வளவு பயபக்தியோட கை வச்சதில்ல.

— கிண்டல் வேண்டாம். நாள் பூரா ஷேவிங் கிரீம், லோஷன், பவுடர்னு அளைஞ்ச கை அது. தவளைக்குத் தோலுதாங்க வாய். மேல என்ன பட்டாலும் உள்ள போயிடும்.

— தெரியும். இப்ப நல்லாவே தெரியும்.

— என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— கடையில கூட்டம். நின்னு நின்னு கால் கடுக்குது. நீ சாப்பிட்டியா?

— கொடுத்தாங்க, முடிஞ்சத சாப்பிட்டேன். பேச்சை மாத்தாதீங்க. சில்வண்டு போட்டீங்களா?

— அதான் சொல்றேன்ல, எல்லாம் போட்டாச்சு. கால்சியம் பொடியில புரட்டி, நீ சொன்ன மாதிரி. குண்டம்மா ஒரே வாயில லபக்குனு முழுங்கிட்டா. வித்வான்தான், கச்சேரி முடிஞ்சாத்தான் சாப்பாடுன்னு இலைமேல உக்காந்திருக்கார்.

— எந்த இலை?

— எந்த இலைன்னா, பச்சை இலை.

— தொட்டியில எல்லா இலையும் பச்சைதாங்க.

— பெரிய இலை. கண்ணாடியை ஒட்டினாப்ல இருக்கே, அது.

— அது குண்டம்மா இடமாச்சே. அவளை மீறி அவர் அங்க உக்கார மாட்டாரே.

— நீ இல்லாத வீட்ல யாரு எங்க உக்காந்தா யாரு கேக்கப்போறா? நானே உன் பக்கம்தான் படுக்கறேன்.

— சரி, விடுங்க.

— நீ வேலை பாக்கற செடி நர்சரியில இருந்து இதுங்களைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு நான் குதிச்சேனே, ஞாபகமிருக்கா?

— இருக்கு. தண்ணி ஊத்தற செடியில ரெண்டு குட்டி மரத்தவளை, என் நகத்தளவுகூட இல்ல. முதலாளி, தூக்கி வெளிய போடுன்னார். இலையோட சேத்து சாப்பாட்டு டப்பாவுல வச்சுக் கொண்டாந்தேன். இந்த வீட்ல ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னீங்க.

— நீ ஒரு நிமிஷமாவது யோசிச்சிருக்கலாம். உடனே, உங்க துணியை எந்தப் பையில வைக்கட்டும்னு கேட்ட.

— அப்புறம் யாரு ஒரு வாடிக்கையாளர் விடாம, எங்க வீட்டுத் தவளை பாடும்னு பெருமையடிச்சது?

— நான்தான். ஒத்துக்கறேன்.

— சிரிக்க வைக்காதீங்க, இருமல் வருது. கேளுங்க, இங்க படுத்துக்கிட்டு அதுங்களைத்தான் நினைச்சுக்குவேன். சுத்திக் கண்ணாடி. உள்ள வர்றவங்க எல்லாம் கையைக் கழுவிட்டு, உறை மாட்டிக்கிட்டு வர்றாங்க. வெளியில இருந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. ஒரு இலை வச்சாங்கன்னா ஏறி உக்காந்துக்கலாம்.

— அதுக்குத்தானே என்னையும் உள்ள விட மாட்டேங்கறாங்க. உனக்கு உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல, ஒரு சின்னக் கிருமிகூட ஆகாதுன்னு. எத்தனை தரம் அந்தக் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கேன்.

— பாத்திருக்கேன். கை மட்டும் ஆட்டுவீங்க. சரி, தண்ணி அடிங்க. இலை நனைஞ்சாத்தானே அவர் வாயைத் திறப்பார்.

— இரு. போனைத் தொட்டிகிட்ட வைக்கறேன். இந்தா... கேட்டுச்சா?

— கேட்டுச்சு.

— இன்னைக்கு நல்லாப் பாடறார்ல?

— நல்லாத்தான் பாடறார். நடுவுல ஒரு இடத்துலதான் தொண்டை கட்டுது.

— குளிருது இல்ல, அதான்.

— அதான் போல. கேளுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பறாங்க.

— என்னது?

— பெரிய டாக்டர் காலையிலயே வந்து சொல்லிட்டார். உங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்னு அவரை அனுப்பி வச்சேன்.

— காலையில சொன்னதை இப்ப சொல்ற! தவளை, இலைன்னு பேசிக்கிட்டிருக்க! ஐயோ, வீடு கிடக்கற கிடைக்கு... போர்வையெல்லாம் துவைக்கணும். நாளைக்குக் கடை லீவு. வாசல்ல அட்டையைத் தொங்க விட்டுடறேன். உனக்கு என்ன வேணும், சொல்லு.

— ஒண்ணும் வேண்டாம். தொட்டிக்கு முன்னாடி ஒரு நாற்காலி போட்டு வைங்க. வந்ததும் அங்கதான் உக்காருவேன்.

— தொட்டிக்கு முன்னாடியா?

— பின்ன?

— களைப்பா வருவ. முதல்ல உள்ள போய்ப் படு. தொட்டியை அப்புறம் பாக்கலாமே.

— இல்லைங்க. முதல்ல அதுதான்.

— அப்ப, நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— கடையில தலைக்குத் தண்ணி அடிக்கற பாட்டிலும் நம்ம தொட்டிக்கு அடிக்கறதும் ஒரே மாதிரி. ரெண்டும் நான் வாங்கினதுதான். கடைப் பாட்டில் ஒண்ணுல கத்தி துடைக்கற ஸ்பிரிட்டை ஊத்தி வச்சிருந்தேன். கழுவிக்கலாம்னு வீட்டுக்குக் கொண்டாந்து அலமாரியில வச்சுட்டேன். உன்னைச் சேத்த அன்னைக்கு, அந்தக் கண்ணாடிக் கதவு சாத்தினாங்களே, அதையே நினைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ தண்ணி அடிக்கச் சொல்லியிருந்த. கைக்கு எது வந்துச்சோ எடுத்து அடிச்சேன். வாடை ஏறினப்புறம்தான் புரிஞ்சுது.

— மெதுவா சொல்லுங்க.

— ரெண்டையும் தூக்கி நல்ல தண்ணியில விட்டேன். மாத்தி மாத்தி விட்டேன். வித்வான் என் உள்ளங்கையிலயே போயிட்டார். குண்டம்மா கொஞ்ச நேரம் விரலைப் புடிச்சுக்கிட்டிருந்தா. பால்கனியில உன் பெரணிச் செடி வச்ச தொட்டியில புதைச்சேன். நாள் பூரா ஊர் ஜனத்துக்குத் தண்ணி அடிக்கற கை, இது ரெண்டுக்கு ஒழுங்கா அடிக்கத் தெரியல. நீ திட்டு. ஏதாவது சொல்லு.

— அழாதீங்க.

— நீ அந்த நிலைமையில படுத்திருக்க, உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? அப்புறம் தினமும் வித்வான் குரல் கேக்கணும்னு சொன்ன. அதனாலதான்...

— அதனாலதான் சீப்பை எடுத்தீங்க.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அந்தச் சீப்புல நடுவுல ஒரு பல்லு இல்லைங்க. கல்யாணமான புதுசுல என் தலையில சிக்கெடுக்கறேன்னு வந்து உடைச்சீங்க. நகத்தால இழுத்துக்கிட்டே வரீங்க, அந்த இடத்துல மட்டும் சத்தம் தாண்டுது. முதல் நாளே தெரிஞ்சுக்கிட்டேன்.

— முதல் நாளேவா? அப்புறம் ஏன் தினமும் கேட்ட?

— முதல் நாள் போனை வச்சுட்டு அழுதேன். ரெண்டுக்கும் சேத்து. மறுநாள் கேக்க வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா அந்தச் சத்தம் கேக்கறப்ப நீங்க எனக்குத் தலை சீவி விடற மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் இப்ப சீவறதுக்கு ஒண்ணும் இல்லையே.

— முளைக்கும். இங்க வா, நானே தினமும் தடவிப் பாக்கறேன். இனிமே உன்கிட்ட ஒரு பொய் கிடையாது. நர்சரியில சொல்லி வை, வேற ரெண்டு குட்டி வந்தா வாங்கிக்கலாம். பாட்டிலுக்குச் சிவப்புப் பட்டை ஒட்டிடறேன். நீ குணமாகி வர்ற, எனக்கு அது போதும்.

— குணமாகின்னு நான் சொல்லலையே.

— பின்ன எதுக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க?

— கேளுங்க. நாளைக்குக் கார்ல ஏத்தறப்ப, நீங்களே என்னைத் தூக்கிக்கங்க. உறை வேண்டாமாம், இனிமே கையைக்கூடக் கழுவ வேண்டியதில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்.